பிபிசி மைக்ரோ: பீப் நிற்கவில்லை, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. போன மாதம் இதே கேள்வியைக் கேட்டேன். பதில்கள் குவிந்தன, விடை மட்டும் வரவில்லை. அதனால் மறுபடியும்.

என்னிடம் இருப்பது பிபிசி மைக்ரோ மாடல் பி, எண்பதுகளின் பழைய கம்ப்யூட்டர். 1984இல் ‘கிளாஸ்’ என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் நம் ஊர்ப் பள்ளிகளுக்கு வந்த அதே ரகம். சுவிட்சைப் போட்டால் கனத்த பீப் ஒன்று, உடனே மெல்லிய பீப் ஒன்று வர வேண்டும். என்னுடையதில் முதல் பீப்பே நிற்காமல் இழுக்கிறது. திரையில் ஓர் எழுத்தும் இல்லை.

பவர் சப்ளையில் வெடிப்பு விட்டிருந்த பழைய கெபாசிட்டர்களை மாற்றியாயிற்று. போர்டில் 5 வோல்ட் சரியாக வருகிறது. ரோம் சிப்புகளைக் கழற்றி, கால்களைத் துடைத்துத் திரும்பப் பொருத்தினேன். ம்ஹூம். இப்போது சந்தேகம் உள்ளீடு, வெளியீட்டைக் கவனிக்கும் 6522 சிப் மேல். போர்டில் இரண்டு இருக்கின்றன, இரண்டும் சாக்கெட்டில்தான். ஒன்றுக்கொன்று இடம் மாற்றிப் பார்க்கலாமா? கையில் மல்டிமீட்டர் மட்டுமே இருக்கிறது.

போன தடவை மூன்றாவது பதிலிலேயே இதன் மூளையான 6502 சிப் பெரிதா, போட்டிக் கம்ப்யூட்டரான ஸ்பெக்ட்ரமின் இசட்80 பெரிதா என்று ஆரம்பித்துவிட்டார்கள். இதன் 2 மெகாஹெர்ட்ஸ் வேகமா, ஸ்பெக்ட்ரமின் 3.5 வேகமா என்று இரண்டு அண்ணன்கள் விடிய விடிய மல்லுக்கட்டினார்கள். அப்புறம் மஞ்சளித்த கேஸைப் பெராக்சைடு பூசி வெளுப்பது சரியா என்று ஒரு சண்டை. கடைசியில் பேச்சு அரசியல் தேர்தலுக்கே போய்விட்டது! நானும் 6502க்காக இரண்டு பதில் போட்டேன், மறைப்பானேன்.

இந்த முறை பீப்பை மட்டும் பாருங்கள். அது நின்றதும் தனிப் பதிவு போடுகிறேன், அங்கே அடித்துக்கொள்ளலாம். போர்டின் படங்கள் வேண்டுமென்றால் சொல்லுங்கள்.