இடைவேளையில் நின்றுவிடும் டிவிடி: கோளாறு டிஸ்க்கிலா, பிளேயரிலா?

கேள்வி (கும்பகோணம்)

வணக்கம். என் தந்தையார் 2004 முதல் பத்தாண்டுகள் சேர்த்த ஏறத்தாழ 300 தமிழ்ப்பட டிஸ்க்குகள் இப்போது என் பொறுப்பில் இருக்கின்றன. அவற்றுள் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தின் டிவிடி சில மாதங்களாகப் பாதியில் நின்றுவிடுகிறது. மொத்தம் 2 மணி 44 நிமிடம் ஓடும் படம், 1 மணி 19 நிமிடம் வரை தடங்கலின்றி ஓடிவிட்டு, அதன்பின் கட்டம் கட்டமாகச் சிதறி, குரல் விக்கி, கடைசியில் உறைந்துவிடுகிறது. அடிப்புறத்தில் கீறல் எதுவும் இல்லை. கடைத்தெருவில் கேட்டால் லென்ஸ் போய்விட்டது என்கிறார்கள். பக்கத்து வீட்டுத் தம்பியோ பற்பசை தேய்த்தால் சரியாகிவிடும் என்கிறார். படம் இணையத்திலும் இருக்கிறது. ஆனால் நான் சந்தா கட்டும் தளத்தின் பிரதியில் இரண்டு பாடல்களை வெட்டியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்று அப்பா சவரம் செய்யும்போதெல்லாம் முணுமுணுத்த பாட்டு. ஆகவே இந்த டிஸ்க்கைக் கைவிட மனம் வரவில்லை. லென்ஸை மாற்றுவதா, டிஸ்க்குக்கு வைத்தியம் பார்ப்பதா?

பதில் 1 (மதுரை)

பற்பசையைத் தயவுசெய்து கிட்டே கொண்டுவராதீர்கள். அடிப்புறக் கீறலை மழுக்குவதற்காகச் சிலர் செய்யும் வேலை அது. கீறலே இல்லாத டிஸ்க்கில் நீங்களாகப் புதிதாய்க் கீறல் போட்டதாகத்தான் முடியும். மெல்லிய பருத்தித் துணியால், நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்துப் பாருங்கள். வட்டமாகத் துடைத்து ஒரு கீறல் விழுந்தால், அது தரவு பதிந்த தடத்தை ஒட்டியே ஓடும் என்பதால், பிளேயரின் பிழைதிருத்தத்தால் அதை ஈடுகட்ட முடியாது. அதற்கும் சரியாகாவிட்டால் லென்ஸ்தான் என்பது என் கருத்து.

பதில் 2 (சென்னை)

மதுரை நண்பர் துணியைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. லென்ஸைப் பற்றிச் சொன்னதில்தான் எனக்கு உடன்பாடில்லை. ரிச்சி தெருவில் பல ஆண்டுகள் பிளேயர் பழுது பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: படம் சரியாகப் பாதியில் நிற்கிறது என்று யாராவது சொன்னால், லென்ஸை விலை கேட்பதற்கு முன் அது இரட்டை அடுக்கு டிஸ்க்கா என்று பார்க்க வேண்டும்.

ஒற்றை அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபிதான் கொள்ளும். நீளமான படத்தை நல்ல தரத்தில் போட வேண்டுமென்றால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்குகளில் 8.5 ஜிபி வரை பதிவார்கள். அத்தகைய டிஸ்க்கின் அடிப்புறம் பெரும்பாலும் வெள்ளியாக இல்லாமல் லேசாகப் பொன்னிறம் காட்டும். திரைப்பட டிஸ்க்குகளில் லேசர் முதல் அடுக்கை நடுவிலிருந்து விளிம்புவரை படித்துவிட்டு, அங்கேயே இரண்டாம் அடுக்குக்குக் குவியத்தை மாற்றிக்கொண்டு, விளிம்பிலிருந்து நடுவை நோக்கித் திரும்பி வரும். உங்கள் படம் 164 நிமிடம், பாதி 82 நிமிடம். ஆக, இடைவேளை வரும் நேரத்தில் லேசர் டிஸ்க்கின் ஓரத்தில் நிற்கிறது.

இனி நீங்கள் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான். படம் உறைந்ததும் ரிமோட்டில் அடுத்த அத்தியாயத்துக்குத் தாவிப் பாருங்கள். உடனே ஓடினால் அடுக்கு மாறும் அந்த நொடியில் மட்டும் பிளேயர் தடுமாறுகிறது என்று பொருள். இரண்டாம் பாதி முழுவதுமே ஓடாவிட்டால், வேறொரு பொன்னிற டிஸ்க்கைப் போட்டுப் பாருங்கள். அதுவும் அப்படியே நின்றால் லென்ஸ் தளர்ந்துவிட்டது, மாற்றுங்கள். மூன்றாவதாக, பாதிக்கு முன் சில நிமிடமும் பின் ஏறத்தாழ அதே அளவு நிமிடமும் கெட்டு, மற்ற இடமெல்லாம் நன்றாக ஓடினால், டிஸ்க்கின் விளிம்பு கெட்டிருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து ஓரத்தைப் பாருங்கள்.

கேட்டவரின் மறுமொழி

மிக்க நன்றி ஐயா. மூன்றாவதுதான் நடக்கிறது. 1 மணி 19 நிமிடத்தில் நின்றது, 1 மணி 25 நிமிடத்துக்குத் தாவியதும் எதுவுமே நடக்காததுபோல் கடைசிவரை ஓடியது. டிஸ்க் பொன்னிறம்தான், கணினியில் 7.9 ஜிபி என்று காட்டுகிறது. வெளிச்சத்தில் பார்த்தபோது, டீ சிந்திக் காய்ந்ததுபோல் ஒரு மங்கிய வளையம் விளிம்பிலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே வரை தெரிகிறது. துடைத்தால் போகவில்லை. இவ்வளவு மெல்லிய கறை ஆறு நிமிடத்தைத் தின்னுமா?

பதில் 2 (சென்னை)

தின்னும். டிஸ்க்கின் ஆரம் 60 மில்லிமீட்டர். தரவு ஏறத்தாழ 24 முதல் 58 மில்லிமீட்டர் வரை இருக்கும். கடைசி 2 மில்லிமீட்டர் வெற்று ஓரம் என்பதால், உங்கள் கறையில் 1 மில்லிமீட்டர்தான் தரவின்மேல் விழுகிறது. ஆனால் வட்டத்தின் வெளிச்சுற்றுதான் பெரியது. அந்த 1 மில்லிமீட்டரில் ஓர் அடுக்கின் 4 விழுக்காடு அடங்கிவிடும். 82 நிமிடத்தில் 4 விழுக்காடு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். போகும்போது மூன்று, திரும்பும்போது மூன்று. நீங்கள் கண்ட 7.9 ஜிபியும் குறைவானதன்று, 8.5 ஜிபியைத்தான் 1024-ஆல் வகுக்கும் கணக்கில் கணினி அப்படிக் காட்டுகிறது. அதாவது டிஸ்க் விளிம்புவரை நிரம்பியிருக்கிறது. கொஞ்சம் காலியாக இருந்திருந்தால் கறை தரவைத் தொட்டிருக்காது.

டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு பிளாஸ்டிக் தகடுகளை ஒட்டிச் செய்தது. விளிம்பில் ஒட்டு விட்டால் ஈரமும் காற்றும் புகுந்து பிரதிபலிக்கும் பூச்சைக் கெடுத்துவிடும். இதற்கு மருந்து இல்லை. பெட்டியிலிருந்து எடுக்கும்போது நடுக்குமிழை அழுத்தாமல் விளிம்பைப் பிடித்து வளைத்துப் பிடுங்குவது ஒட்டுக்கு நல்லதன்று. நம் வீடுகளில் எல்லோரும் செய்வது அதுதான். விசிடியில் நிலைமை வேறு: அதன் தரவு லேபிளுக்கு நேர் கீழே இருப்பதால் மேற்புறத்தில் பேனாவால் அழுத்தி எழுதினாலே போய்விடும்.

பதில் 3 (கோயம்புத்தூர்)

மருந்து இல்லாவிட்டாலும் மீட்பு உண்டு. லினக்ஸ் கணினியில் டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளால் படியுங்கள். அது முதலில் நல்ல பகுதிகளையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, கெட்ட இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்து, பிறகு அவற்றை மட்டும் திரும்பத் திரும்ப முயலும். அதே வரைபடக் கோப்போடு வேறொரு டிரைவில் தொடர முடியும் என்பதுதான் இதன் சிறப்பு. ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படித்துவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். டிஸ்க்கில் நகலெடுப்பதைத் தடுக்கும் மென்பொருள் பூட்டு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு குற்றமாக்குகிறது. எடுத்த கோப்பை வெற்று டிவிடியில் எரித்துப் பத்திரப்படுத்தாதீர்கள், அதன் சாயப்பூச்சு அச்சிட்ட டிஸ்க்கைவிட விரைவில் கெடும். இரண்டு வன்தட்டுகளில் வைப்பதே நல்லது.

கேட்டவரின் மறுமொழி

டிஸ்க்கில் பூட்டு இல்லை. முதல் டிரைவில் இரவு முழுவதும் ஓடவிட்டதில் 40,000-க்கும் மேற்பட்ட பிரிவுகள் (டிஸ்க்கில் தரவைப் பகுத்து வைத்திருக்கும் சிறு துண்டுகள்) படிக்காமல் நின்றன. நண்பரின் பழைய மேசைக்கணினி டிரைவை இரவல் வாங்கித் தொடர்ந்தேன். மறுநாள் மாலைக்குள் அந்த எண்ணிக்கை 1,100-ஆகக் குறைந்து, அதற்குமேல் அசையவில்லை. ஒரு பிரிவு 2,048 பைட் என்று கணக்கிட்டால் 2 எம்பிக்குச் சற்று மேல், படத்தில் மூன்று நொடிக்கும் குறைவு. ஓட்டிப் பார்த்தேன். பாட்டு முழுதாக இருக்கிறது. போனது ‘இடைவேளை’ என்ற எழுத்து திரையில் வரும் இடம்.

தந்தையாரின் சேகரிப்பில் பொன்னிற டிஸ்க்குகள் 61 இருக்கின்றன. ஒவ்வொன்றாக ஜன்னலோரம் பிடித்துப் பார்த்து வருகிறேன். இதுவரை நான்கில் அதே வளையம், அவற்றில் ஒன்றில் மட்டும் அது தரவை எட்டியிருக்கிறது. இரவல் டிரைவைத் திருப்பிக் கொடுக்க நண்பரிடம் இன்னும் ஒரு மாதம் தவணை கேட்டிருக்கிறேன்.