புதுசா புரோட்டீன் டிசைன் பண்றதுன்னா ஆல்ஃபாஃபோல்டை ரிவர்ஸ்ல ஓட்டறது தானே?

சும்மா_கேக்கறேன்:
நான் சாஃப்ட்வேர் ஆளு, பயாலஜி ஸ்கூலோட முடிஞ்சுது. 2024 கெமிஸ்ட்ரி நோபல்ல பாதி டேவிட் பேக்கருக்கு, மீதி பாதி கூகுள் டீப்மைண்ட் ஹசாபிஸ், ஜம்பர் ரெண்டு பேருக்கும் குடுத்தாங்கல்ல, அதுல ரெண்டாவது பாதி புரியுது, சீக்வென்ஸ், அதாவது அமினோ அமில வரிசை குடுத்தா, அது எந்த வடிவத்துல மடியும்ங்கற ஸ்ட்ரக்சரை ஆல்ஃபாஃபோல்ட்ங்கற ஏஐ சொல்லும். பேக்கர் பண்ணது அதுக்கு தலைகீழ்ங்கறாங்க, நமக்கு வேணுங்கற வடிவத்தை முடிவு பண்ணிட்டு அதுக்கேத்த சீக்வென்ஸை தேடறது. அப்ப ஆல்ஃபாஃபோல்டையே ரிவர்ஸ்ல ஓட்டிட்டா வேலை முடிஞ்சுதே, இன்னும் எதுக்கு லேப்ல உக்காந்து, புரோட்டீன் செய்ய வைக்கற ஈகோலை பாக்டீரியாவை வளத்துட்டு இருக்காங்க? கேள்வி மொக்கையா இருந்தா திட்டாதீங்க மக்களே.

ஹெலிக்ஸ்_பைத்தியம்:
மொக்கை எல்லாம் இல்ல, நிஜமாவே அப்படி ஒரு மெத்தட் இருக்கு, ஹாலுசினேஷன்னு பேரு. கண்டபடி ஒரு சீக்வென்ஸ்ல ஆரம்பிச்சு, நெட்வொர்க் "இது கண்டிப்பா மடியும்"னு சொல்ற வரைக்கும் எழுத்தை மாத்திக்கிட்டே போவாங்க. ஆல்ஃபாஃபோல்டை வச்சு அப்படி எடுத்த சீக்வென்ஸை செல்லுக்குள்ள செய்ய வச்சுப் பாத்தா பெரும்பாலும் கரையவே இல்ல. நீங்க சாஃப்ட்வேர் ஆளுங்கறதால சொல்றேன், அட்வர்சேரியல் எக்ஸாம்பிள் தான் இது, படத்துல என்ன இருக்குன்னு சொல்ற இமேஜ் கிளாசிஃபையரை ஏமாத்தற அதே கதை. நெட்வொர்க்குக்கு பிடிச்சிருக்கு, தண்ணிக்கு பிடிக்கல.

அதனால இப்ப வேலையை பிரிச்சுட்டாங்க. 2023ல வந்த ஆர்எஃப்டிஃப்யூஷன்ங்கற ஏஐ வெறும் பேக்போனை, அதாவது புரோட்டீனோட எலும்புக்கூட்டு வடிவத்தை மட்டும் வரையும், படம் வரையற ஏஐ மாதிரியே தான், நாய்ஸ்ல இருந்து ஆரம்பிச்சு சுத்தம் பண்ணிக்கிட்டே வரும். அந்த பேக்போனுக்கு எந்த அமினோ அமிலம் எங்க உக்காரணும்னு புரோட்டீன்எம்பிஎன்என்ங்கற இன்னொரு நெட்வொர்க் சொல்லும், இது 2022. அப்புறம் கடைசில தான் ஆல்ஃபாஃபோல்ட் வருது, டிசைனரா இல்ல, எக்ஸாமினரா. சீக்வென்ஸை மட்டும் குடுத்து மடிக்க சொல்லி, நாம வரைஞ்ச வடிவமே திரும்ப வருதான்னு பாக்கறது. மேல சொன்ன கரையாத கேஸ்லயே பேக்போனை அப்படியே வச்சுக்கிட்டு சீக்வென்ஸை மட்டும் எம்பிஎன்என் வச்சு மாத்தினதும் நிறைய கரைய ஆரம்பிச்சுது, எனக்கு இந்த ஃபீல்டுலயே பிடிச்ச ரிசல்ட் அது.

பழைய_ரொசெட்டா:
ஏஐ வந்தப்புறம் தான் எல்லாம் நடந்துச்சுங்கற மாதிரி பேசாதீங்கப்பா. டாப்7ங்கற டிசைன் புரோட்டீன் வந்தது 2003ல, பிரையன் கூல்மன், பேக்கர் டீம். 93 அமினோ அமிலம், அது வரைக்கும் இயற்கைல யாரும் பாக்காத மடிப்பு, ரொசெட்டாங்கற புரோகிராம் வச்சு அணுக்களுக்கு நடுவுல இருக்கற எனர்ஜியை கணக்கு போட்டே டிசைன் பண்ணாங்க, எக்ஸ்ரேல பாத்தா டிசைனுக்கும் நிஜத்துக்கும் 1.2 ஆங்ஸ்ட்ராம், கிட்டத்தட்ட ஒரு அணு அளவு தான் வித்தியாசம். சும்மா தேடினா கிடைக்கற விஷயமும் இல்ல, 100 அமினோ அமிலம் நீளத்துக்கே 20 பவர் 100 சீக்வென்ஸ் வருது, பிரபஞ்சத்துல அவ்ளோ அணுவே கிடையாது.

பிப்பெட்_வாழ்க்கை:
லேப் எதுக்குன்னு கேட்டீங்கல்ல, நான் அந்த ஈகோலை வளக்கற ஆளு தான் 😄

எக்ஸாமினர் பாஸ் போட்டுட்டாருங்கறதால செல் அதை ஒழுங்கா செய்யும்னோ, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கட்டியாகாதுன்னோ அர்த்தமில்ல. பைண்டர்னா, அதாவது ஒரு குறிப்பிட்ட டார்கெட் மாலிக்யூலை புடிச்சு ஒட்டிக்கற புரோட்டீன்னா இன்னொரு சிக்கல், டார்கெட்டை நல்லா புடிக்கணும்னு எண்ணெய்த்தன்மை உள்ள அமினோ அமிலத்தை மேற்பரப்புல அள்ளி வச்சா அது டார்கெட்டையும் புடிக்கும் கண்டதையும் புடிக்கும். ஸ்க்ரீன்ல ஸ்கோர் எவ்ளோ அழகா இருந்தாலும் இது தெரியாது.

ஆனா மாற்றம் பெருசு, ஒத்துக்கறேன். முன்னாடி ஒரு டார்கெட்டுக்கு பத்தாயிரக்கணக்குல டிசைன் டெஸ்ட் பண்ணி அதுல கொஞ்சம் தேறும், ஆர்எஃப்டிஃப்யூஷன் வந்தப்ப நூறுக்கும் கம்மியா டெஸ்ட் பண்ணியே பைண்டர் எடுத்துட்டாங்க. 2025 ஆரம்பத்துல நேச்சர் ஜர்னல்ல வந்த பாம்பு விஷ பேப்பர் படிங்க, நாகப்பாம்பு குடும்பத்து விஷத்துல இருக்கற ஒரு வகை டாக்சினை புடிக்கற மாதிரி டிசைன் பண்ண புரோட்டீன் எலிகளை காப்பாத்துச்சு.

சும்மா_கேக்கறேன்:
அட்வர்சேரியல்னு சொன்னதும் பல்பு எரிஞ்சுது, நன்றி. அப்ப ரியாக்ஷனை வேகப்படுத்தற என்சைமும் இதே மாதிரி வருஷத்துக்கு நூறு போட்டு தள்ளலாமா?

ஹெலிக்ஸ்_பைத்தியம்:
அங்க தான் மாட்டிக்கிச்சு. பைண்டர் ஒட்டினா போதும், என்சைம் ஒரு ரியாக்ஷனோட நடு நிலையை புடிச்சு நிறுத்தி, முடிஞ்சதும் விடவும் செய்யணும், அதுக்கு அணுக்கள் கொஞ்சம் தள்ளி உக்காந்தாலே வேகம் படுத்துடும். 2008ல கெம்ப் எலிமினேஷன்னு ஒரு ரியாக்ஷனுக்கு என்சைம் டிசைன் பண்ணாங்க, வேலை செஞ்சுது, ஆனா ஆமை வேகம், அப்புறம் டைரக்டட் எவல்யூஷன்ல, அதாவது லேப்ல மாத்தி மாத்தி நல்லதை தேர்ந்தெடுக்கற முறைல போட்டு திறமையை 200 மடங்குக்கு மேல ஏத்தினாங்க. அதாவது கம்ப்யூட்டர் ஆரம்பிச்சு வச்சுது, மியூட்டேஷனும் செலக்ஷனும் முடிச்சு வச்சுது. 2025ல செரின் ஹைட்ரோலேஸ்ங்கற என்சைம் வகைக்கு டிசைன் வந்தப்புறம் நிலைமை நல்லாவே முன்னேறியிருக்கு, இருந்தாலும் இயற்கை என்சைமோட வேகத்துக்கு பக்கத்துல போறது இன்னும் கஷ்டம் தான்.

இன்னொண்ணு, டிசைன் புரோட்டீன் பலது கொதிக்கற சூட்டுலயும் அவிழாம கல்லு மாதிரி நிக்கும், எல்லாரும் அதை பெருமையா போடுவாங்க. நல்ல என்சைம் பலதுக்கு அசையற பாகம் வேணும், அதனால எனக்கு அது அவ்ளோ பெரிய பெருமையா தெரியல.

பழைய_ரொசெட்டா:
கை வச்சு பாக்கணும்னா ஆர்எஃப்டிஃப்யூஷன் கோட் ஓப்பன் தான், கூகுள் கோலாப்ல நோட்புக்கும் இருக்கு. முதல்ல பைண்டர்ல குதிக்காதீங்க, 80 அமினோ அமிலத்துல நாலு ஹெலிக்ஸ் (சுருள்) கட்டு ஒண்ணு போடுங்க, அது ஆல்ஃபாஃபோல்ட்ல பாஸாகாம இருக்கறது தான் கஷ்டம். பட்டை பட்டையா பக்கத்துல அடுக்கின பீட்டா ஷீட் மட்டும் வச்சு ஒண்ணு ட்ரை பண்ணிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.