தண்டுவடம் அடிபட்டவர்களைச் சந்திக்கும்போது: அனுபவப் பகிர்வு

மருத்துவமனை ஊழியக்காரர்:
கால்கள் செயலிழந்தவர் முதல் வாரங்களில் திரும்பத் திரும்பக் கேட்பது, "நான் என்ன பாவம் செஞ்சேன்?" போகிறவர்களில் பெரும்பாலோர் உடனே ரோமர் 8:28-ஐ, தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்ற வசனத்தை, வாசிக்கிறார்கள். வசனம் சத்தியம். ஆனால் அன்றைக்கு அது அவர் வாயை அடைத்துவிடும். முதலில் யோவான் 9:3. பிறவிக்குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்று இயேசு மறுத்த இடம்.

பிறகு சங்கீதம் 13, மெதுவாக. ஆறே வசனம். முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" நான்கு முறை வருகிறது. அங்கே நிறுத்துங்கள். அழுதால் அழட்டும், கோபப்பட்டால் படட்டும். 5ஆம் வசனத்தின் நம்பிக்கையை அவர் வாயிலிருந்து வரவழைக்கப் பார்க்காதீர்கள். நாம் வாசித்தால் போதும். அதுவும் முடியாத நாளுக்கு சங்கீதம் 88 இருக்கிறது. கடைசிவரை விடியாத அந்த ஜெபத்தையும் வேதம் வைத்திருக்கிறது என்பதே பலருக்குப் பெரிய ஆறுதல்.

"இந்த மாசமே எழுந்து நடப்பீங்க" என்று மட்டும் சொல்லவேண்டாம். அதை நம்பிப் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். நடக்காதபோது விசுவாசக் குறைவு என்ற பழியும் அவர்கள் தலையில்தான்.

மறுவாழ்வுப் பிரிவு செவிலியர்:
இதோடு ஒன்று. உணர்ச்சி இல்லாத இடத்தில் அழுத்தத்தால் புண் வந்தாலும் வலிக்காது. படுக்கையில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டவேண்டும். சக்கர நாற்காலியில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை கைகளை ஊன்றி இடுப்பைத் தூக்கவேண்டும். முழு இரவு ஜெபத்துக்கு அழைத்துப்போனால் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் தூக்கச் சொல்லுங்கள். கைப்பலம் இல்லாதவரை ஒருவர் பின்னால் நின்று முன்பக்கமாகச் சாய்த்துப் பிடிக்கலாம். உபவாசம் என்று தண்ணீரையும் நிறுத்தக்கூடாது. சிறுநீர்க் குழாய் போட்டிருப்பவருக்குத் தொற்றும் கல்லும் அப்படித்தான் வருகின்றன.

வேதபாட ஆசிரியர்:
இப்படி அடிபட்டபின் வாழ்வின் நோக்கத்தைப் பற்றிப் பேசும்போது டாக்டர் மேரி வர்கீஸைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1954இல், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சிஎம்சி) இளம் மருத்துவராக இருந்தபோது சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் கை அறுவைசிகிச்சையில், அங்கே அதன் முன்னோடியான டாக்டர் பால் பிராண்ட் அவரை ஈடுபடுத்தினார். கை அறுவைசிகிச்சையை யாராக இருந்தாலும் உட்கார்ந்துதான் செய்வார்கள்! பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூரின் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் எழுந்தது. 1972இல் பத்மஸ்ரீ. கால்கள் திரும்பவே இல்லை. விபத்து நல்லது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகும் அழைப்பு இருந்தது.

ஆகவே "உங்களுக்காக ஜெபிக்கிறோம்" என்பதோடு விடாமல் சபையில் வேலை கொடுங்கள்: ஞாயிறு வேதவாசிப்பு, புதிதாக அடிபட்டவரைப் போனில் அழைத்துப் பேசுவது, கணக்கு எழுதுவது. வாசிப்பு மேடை உட்கார்ந்தவர் உயரத்துக்கு இறங்கவேண்டும். சாய்தளம் 1 அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம். ஆலய வாசலில் 6 அங்குலப் படி மூன்று இருந்தால் 18 அடி வேண்டும். பல சபைகளில் 6 அடிப் பலகையைச் சாய்த்துவைக்கிறார்கள். அதில் இரண்டு பேர் தள்ளினாலும் ஏறுவது கடினம், இறங்கும்போது கவிழக்கூடும்.