இந்தியன் ஆமி காலம்: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு கணம்

கோண்டாவிலான்:
87இல் அமைதிப்படை என்று இந்தியன் ஆமி வந்த கதை, மாலை போட்ட கதை, அப்புறம் புலிகளோடு சண்டை மூண்டு ஷெல் விழுந்த கதை எல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத வரவில்லை. ஒரேயொரு விஷயத்தை எங்காவது இறக்கி வைக்க வேண்டும்.

88ஆம் ஆண்டு, விடியப்புறச் சுற்றிவளைப்பு. ஆம்பிளைகள் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுபோய், வழக்கம்போல் வெயிலில் இருத்தி, பிறகு வரிசையாக ஜீப்புக்கு முன்னால் நடக்க விட்டார்கள். ஜீப்புக்குள் தலையாட்டி, ஆளைக் காட்டிக்கொடுக்க ஆமி பிடித்து வைத்த எங்கள் ஊர் ஆள். தலைக்கு மேல் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. தலை ஆடினால் இந்தப் பக்கம், ஆடாவிட்டால் வீட்டுக்கு.

என் முறை வந்தபோது அந்த ஓட்டைகளைப் பார்க்கப் பயம். குனிந்து அவனுடைய காலைப் பார்த்தேன். இடது செருப்பின் வார் அறுந்து, செப்புக் கம்பியால் கட்டியிருந்தது. பழைய சைக்கிள் டைனமோவில் இருந்து உருவிய கம்பி. அதை முறுக்கிக் கட்டிக் கொடுத்ததே நான்தான், அதற்கு முதல் மாதம், எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்து.

எனக்குத் தலை ஆடவில்லை. எனக்குப் பின்னால் வந்த ஒருவருக்கு ஆடியது. அவர் எந்த ஆயுத இயக்கத்திலும் இல்லை, சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்த மனிதர். முகாமுக்குப் போய் மாதக்கணக்கில் கழித்துத்தான் வந்தார், வலது கையை முழுதாகத் தூக்க முடியாமல்.

செருப்புக்காரனைப் பிறகு எத்தனையோ கல்யாண வீடுகளில் சந்தித்திருக்கிறேன். காணி விலை கதைப்போம், பிள்ளைகளின் படிப்புக் கதைப்போம். என்ன செய்து அவனுக்கு அந்தச் சாக்கைப் போட்டார்கள் என்று மட்டும் நான் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

ஓய்வுபெற்ற ஹவில்தார்:
நான் அந்தப் பக்கம் நின்றவன். திட்டுவதானால் திட்டுங்கள், படித்துவிட்டுத் திட்டுங்கள்.

எங்கள் யூனிட்டில் தமிழ் பேசத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் முகாம் வாசலில் பேச என்னைத்தான் நிறுத்துவார்கள். காலையிலேயே தாய்மார்கள் வந்து நிற்பார்கள். கையில் பையனின் போட்டோ, பள்ளிக்கூட சர்டிபிகேட். அதிகாரி இந்தியில் சொல்வார், நான் தமிழில் சொல்ல வேண்டும். "உங்க பையன் இங்க இல்லம்மா, வேற முகாம்ல கேட்டுப் பாருங்க."

ஒரு அம்மா நான் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் நின்றார். அப்புறம், "தம்பிக்கு எந்த ஊர்?" என்று கேட்டார். தென்காசி என்றேன். "குற்றாலத்துக்குக் கிட்டவோ? நாங்கள் வந்திருக்கிறம். இவன் வயித்தில இருக்கேக்க" என்று போட்டோவைத் தட்டிக் காட்டினார். பையன் உள்ளே இருந்தானா இல்லையா, எனக்கே தெரியாது. என் மாதிரி ஆட்களிடம் அதையெல்லாம் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் பக்கம் 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். 87 அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இருந்து இறக்கிவிட்ட சீக்கியப் படைப்பிரிவில் ஒருவர்தான் உயிரோடு பிடிபட்டார், மற்ற எல்லோரும் செத்துப்போனார்கள். 90 மார்ச்சில் திருகோணமலையில் கப்பல் ஏறி சென்னையில் இறங்கும்போது எங்களை அனுப்பிய ராஜீவ் பதவியில் இல்லை. முதலமைச்சர் கலைஞர் வரவேற்க வரவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர் "எங்கிருந்து சார் வர்றீங்க?" என்று கேட்டார். "வடக்கேயிருந்து" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அரியாலை அக்கா:
ஹவில்தார் அண்ணா, உங்களைத் தனியாளாக நான் திட்ட மாட்டேன். ஆனால் "எங்களுக்கும் சாவு" என்று கணக்கை நேர் செய்யாதீர்கள். உங்களைத் துவக்கோடு அனுப்பியது ஒரு அரசாங்கம். எங்களை ஒருவரும் அனுப்பவில்லை, நாங்கள் வீட்டில் இருந்தோம். 87 தீபாவளி அன்று யாழ் ஆஸ்பத்திரிக்குள் நடந்ததை நீங்கள் ஏன் ஒரு வரியில்கூடத் தொடவில்லை? நோயாளர், தாதிமார், வைத்தியர் என்று 60 பேருக்கு மேல் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த நாள் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த வைத்தியரையும் சுட்டார்கள். 89 ஓகஸ்டில் வல்வெட்டித்துறையில் சனத்தைச் சுட்டது. தாய்மாரிடம் குற்றாலம் கதைத்ததை வைத்து இதையெல்லாம் மறைக்க ஏலாது.

சரி, என் கதை சின்னது. 87 நவம்பர் 5. சண்டைக்குப் பயந்து தஞ்சமிருந்த கோயிலில் இருந்து நாங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்த கிழமை. எங்கள் கேற்றடியில் ஆமி சென்றிக் காவல் போட்டிருந்தது. அப்பா விறாந்தையில் டிரான்சிஸ்டரை வைத்து உலகக் கிண்ண அரையிறுதி கேட்டுக்கொண்டிருந்தார், பம்பாயில் இந்தியாவும் இங்கிலாந்தும். சென்றியில் நின்ற பொடியன், இருபது வயதுகூட இராது, சத்தம் கேட்டுக் கேட்டு மெல்ல மெல்ல உள்ளே வந்துவிட்டான். படியில் குந்தி, துவக்கை மடியில் வைத்துக்கொண்டு. இங்கிலாந்தின் கூச் ஸ்வீப் அடித்து அடித்தே நூறு எடுத்தார். இந்தியா தோற்றதும் அவன் முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டான். அப்பா, தன் வீட்டுக் கூரையில் ஷெல் போட்ட ஓட்டைக்குக் கீழே இருந்துகொண்டு, அவனுடைய தோளில் தட்டினார்.

அப்பாவோடு நான் அன்று இரவு கதைக்கவில்லை. இன்றைக்கும் அந்தத் தட்டு எனக்குப் பிடிக்கவில்லை.

மட்டக்களப்பு மகள்:
எல்லாரும் யாழ்ப்பாணம், யாழ்ப்பாணம் என்றே எழுதுகிறீர்கள். கிழக்கிலும் அதே ஆமிதான். மாமாங்கக் கோயிலடியில் அன்னை பூபதி இந்தியன் ஆமிக்கு எதிராக 88இல் ஒரு மாதம் பட்டினி கிடந்து செத்தது எங்கள் ஊரில்.

என் கதை 89, பிள்ளைபிடி காலம். ஆமி போகப் போகுது, அதற்கு முதல் மாகாண சபைக்கு ஒரு படை வேண்டும் என்று, ஆமியோடு நின்ற இயக்கங்கள் தெருவில் கண்ட பொடியன்களை எல்லாம் ஏற்றினார்கள். தமிழ்த் தேசிய இராணுவம் என்று பெயர். தம்பி டியூசனுக்குப் போனவன், சைக்கிள் மட்டும் ஆரோ கொண்டுவந்து வேலியில் சாத்திவிட்டுப் போனார்கள்.

சில கிழமை கழித்து அம்மாவும் நானும் சந்தைக்குப் போகிறோம், சந்தியில் செக் பண்ணுகிறார்கள். மொட்டைத் தலை, தொளதொள காற்சட்டை, காலுக்குப் பெரிய சப்பாத்து. தம்பி. பின்னால் வயதான ஒருத்தன் துவக்கோடு பார்த்துக்கொண்டு நிற்கிறான். தம்பி அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் "ஐ.சி." என்றான். அம்மா மணிப்பர்சைத் திறந்து, அடையாள அட்டையை எடுத்து, அவன் கையில் கொடுத்தா. அவன் புரட்டிப் பார்த்து, திருப்பிக் கொடுத்து, "போங்கோ" என்றான். ஒரு சொல் கூடுதலாகப் பேசியிருந்தால் பின்னால் நின்றவன் என்ன செய்திருப்பான் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

ஆமி கிழக்கை விட்டு வெளிக்கிட, அந்தப் பிள்ளைகளை ஒருவரும் கூட்டிப்போகவில்லை. இயக்கப் பெரியவர்கள் கப்பலேறி ஒரிசா வரை போனார்கள். தம்பி காட்டு வழியால் ஓடித் தப்பினது தனிக்கதை.

கணக்கர் ஐயா:
எல்லாப் பதிவுகளையும் வாசித்தேன். என்னுடையது இரண்டு வரி. 87 ஜூன் 4, வியாழக்கிழமை பின்னேரம், இந்திய விமானங்கள் உணவுப் பொதி போட்டபோது ஒரு பொதி எங்கள் தோட்டத்தில் விழுந்து வெடித்துப் பருப்பாகச் சிதறியது. அம்மம்மா அதை நிலத்தில் இருந்து கூட்டி அள்ளிக் கண்ணில் ஒற்றினா.

இப்ப சொல்ல வந்தது வேறு. பிள்ளைகளே, திகதிகளைக் கவனமாக எழுதுங்கள். வடமராட்சியில் மே மாதக் கடைசியில் அடித்தது ஸ்ரீலங்கா ஆமி, ஒப்பரேஷன் லிபரேஷன். இந்தியா படகுகளில் சாமான் அனுப்ப, ஸ்ரீலங்கா நேவி மறித்துத் திருப்பியது. அதற்குப் பிறகுதான் விமானம், மிராஜ் காவலோடு. ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தம். அக்டோபர் 10 புலிகளுக்கும் இந்தியன் ஆமிக்கும் சண்டை தொடங்கியது. எங்கள் ஆட்கள் இதை எல்லாம் ஒன்றாகக் குழைத்து, மேயில் ஜனாதிபதி ஜேஆர் ஜயவர்த்தனாவின் ஆமி செய்ததையும் இந்தியன் ஆமியின் தலையில் போடுகிறார்கள். பிறகு எதிராளி ஒரு திகதியைப் பிழை என்று காட்டி முழுக் கதையையும் பொய் என்பான்.

இரண்டாவது, ஒப்பந்தத்தை ஒருமுறையாவது வாசியுங்கள். வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக இணைத்து, 1988 டிசம்பர் 31க்குள் கிழக்கில் வாக்கெடுப்பு என்று எழுதியிருந்தது. அது நடக்கவேயில்லை. 2006இல் ஸ்ரீலங்கா உயர் நீதிமன்றம் (சுப்ரீம் கோர்ட்) இணைப்பையே செல்லாதென்றது. ஒரு லட்சத்துக்குக் கிட்ட ஆமி வந்து காவல் நின்றதாகச் சிலர் எழுதுகிறார்கள், அந்தத் தொகையையும் பார்த்து எழுதுங்கள். மூன்றாவது, பழைய ஐ.சி., பாஸ், முகாமில் கொடுத்த துண்டு, எதுவானாலும் ஸ்கான் பண்ணி இரண்டு இடத்தில் வையுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் போனில் பதியுங்கள். கேள்வியை நீளமாகக் கேட்காதீர்கள், "அப்ப என்ன நிறச் சட்டை போட்டிருந்தீர்கள்?" என்று தொடங்குங்கள், மிச்சம் தானாக வரும். நான்காவது, தலையாட்டியாக நின்றவனை, கோண்டாவில் தம்பி, நேரே போய்க் கேளுங்கள். இரண்டு பேருக்கும் வயது போகிறது.

கோண்டாவிலான்:
ஐயா, ஸ்கான் பண்ண என்னிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. 95 இடப்பெயர்வில் உடுத்த உடுப்போடு சாவகச்சேரிக்கு நடந்தவர்கள் நாங்கள். மற்றது, அவனைக் கேள் என்று சொல்வது சுகம். அவன் எனக்குத் தலையாட்டவில்லை என்பதால்தான் நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். சுருட்டுக் கொட்டில் மனிதரின் மகன் கேட்டால் அது நியாயம். நான் கேட்டால் அது விடுப்பு, வெறும் வம்பு.

ஓய்வுபெற்ற ஹவில்தார்:
அரியாலை அக்கா, ஆஸ்பத்திரி விஷயம் நடந்தபோது நான் தீவுக்கே வரவில்லை. வந்த பிறகு முகாமில் அதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், கேட்டால் முறைப்பார்கள். நடக்கவில்லை என்று நான் எங்கும் சொன்னதில்லை. கணக்கை நேர் செய்ய வரவில்லை, செத்தவர்கள் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், அவர்களை எங்கே போய்ச் சொல்வது? சென்னையில் சொன்னால் அடிக்க வருகிறார்கள், தில்லியில் சொன்னால் அப்படி ஒரு சண்டையா என்கிறார்கள்.

அரியாலை அக்கா:
இங்கே சொல்லுங்கள். ஆனால் ஆஸ்பத்திரியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மட்டக்களப்பு மகள்:
கணக்கர் ஐயா சொன்னதற்காக நேற்று தம்பிக்கு போன் பண்ணி, இங்கே எழுதியதை வாசித்துக் காட்டினேன். ஐ.சி. கேட்டது தான் இல்லையாம், பக்கத்தில் நின்ற வாழைச்சேனைப் பொடியனாம். தான் ரோட்டுக்கு மற்றப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தானாம். அம்மாவும் இப்ப இல்லை. நான் பார்த்தது எனக்குத் தெரியும், எழுதியதை மாற்றப் போவதில்லை.