ஐ3-8100 கணினிக்கு விண்டோஸ் 11 வராது என்கிறது. புதுசு வாங்கணுமா, 10-லேயே இருக்கலாமா?

மாலைநிலா:

வணக்கம். வீட்டில் இருப்பது 2018-ல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். இன்டெல் கோர் ஐ3-8100, எச்310 போர்டு, 4 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், 1 டிபி ஹார்டு டிஸ்க். சி, டி, இ என்று மூன்று டிரைவ். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. விண்டோஸ் 10 ஹோம், 64 பிட், 22எச்2 பதிப்பு, ஆக்டிவேட் ஆகியிருக்கிறது.

விண்டோஸ் 11 போட முடியுமா என்று பார்க்கும் பிசி ஹெல்த் செக் ஓட்டினால் ப்ராசஸருக்கும் டிஸ்க்குக்கும் பச்சை டிக் வருகிறது. டிபிஎம் 2.0 (பாதுகாப்பு சிப்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் வசதி) இரண்டுக்கும் சிவப்பு. விசாரித்த இடத்தில் "போர்டு பழசு, புது சிபியு போட்டுடுங்க" என்கிறார்கள்.

பயன்பாடு: பிள்ளைகளின் படிப்பு, நெட் பேங்கிங், கூடவே பேஜ்மேக்கரில் பாமினி எழுத்துருவில் அழைப்பிதழ், நோட்டீஸ் வேலை. இந்த வேலை ஒரு வாரம் நின்றாலும் சிரமம். 11-க்குப் போகலாமா, 10-லேயே இருக்கலாமா, லினக்ஸ் போடலாமா? காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

பலகை:

புது சிபியு வாங்க வேண்டியதில்லை. ஐ3-8100 எட்டாம் தலைமுறை. மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 11 பட்டியலில் இருக்கிறது. ஏழாம் தலைமுறை ஐ3, ஐ5 என்றால்தான் ப்ராசஸரே தடையாக நிற்கும். உங்களுக்குச் சிவப்பு காட்டும் இரண்டும் பாகங்களின் குறை அல்ல, பயாஸ் (விண்டோஸுக்கு முன் ஓடும், போர்டின் அடிப்படை மென்பொருள்) அமைப்பு.

டிபிஎம் என்றதும் தனியாக ஒரு சிப் வாங்கிச் செருக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் போர்டில் அந்த வேலையை இன்டெல் பிடிடி என்ற வசதியே செய்துவிடும். பெரும்பாலான எச்310 போர்டுகளில் அது அணைத்த நிலையில்தான் வரும். கணினியை ஆன் செய்ததும் டெலிட் கீயைத் தட்டி பயாஸுக்குள் போங்கள். ஆசுஸ் என்றால் அட்வான்ஸ்டு பக்கத்தில் பிசிஎச்-எஃப்டபிள்யூ கான்ஃபிகரேஷனுக்குள் பிடிடி இருக்கும். எம்எஸ்ஐ என்றால் செக்யூரிட்டியில் ட்ரஸ்டெட் கம்ப்யூட்டிங். இதை எனேபிள் செய்வதால் இப்போதைய விண்டோஸ் 10-க்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

செக்யூர் பூட் சிவப்பாக இருக்கக் காரணம் வேறு. ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால் பயாஸ் மோட் என்று ஒரு வரி இருக்கும். அதில் லெகஸி என்று இருக்குமென்று நினைக்கிறேன். விண்டோஸ் 7 காலத்துப் பழக்கத்தில் சிஎஸ்எம்-ஐ (பழைய லெகஸி முறையில் பூட் ஆக விடும் பயாஸ் வசதி) ஆன் செய்து, டிஸ்க்கை எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்து விண்டோஸ் போட்டிருப்பார்கள். விண்டோஸ் 11-க்கு யுஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் பூட் ஆக வேண்டும், டிஸ்க் ஜிபிடி என்ற புதிய முறையில் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் அவசரப்பட்டுச் செய்துவிடாதீர்கள்: டிஸ்க்கை மாற்றும் முன் சிஎஸ்எம்-ஐ அணைப்பது. அணைத்தால் எம்பிஆர் டிஸ்க்கிலிருந்து பூட் ஆகாது. கறுப்புத் திரையோ, பூட் டிவைஸ் இல்லை என்ற செய்தியோ வரும். அப்படி ஆகிவிட்டாலும் பயந்து ஃபார்மேட் செய்ய வேண்டாம். சிஎஸ்எம்-ஐ மறுபடி ஆன் செய்தால் பழையபடி வந்துவிடும்.

தரவை அழிக்காமல் மாற்ற விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி உண்டு. அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் ப்ராம்ப்டில் முதலில் வேலிடேட் மட்டும் ஓட்டுங்கள். விண்டோஸுக்குள்ளிருந்தே ஓட்டுவதால் அலோ-ஃபுல்-ஓஎஸ் என்ற சுவிட்சையும் சேர்க்க வேண்டும். அது டிஸ்க்கில் எதையும் தொடாது, முடியுமா முடியாதா என்று மட்டும் சொல்லும். அந்த முடிவைப் போடுங்கள், மேற்கொண்டு பார்ப்போம்.

ராம்பிட்:

பலகை சொன்னது சரி. ஆனால் இன்றைக்கே மாற்றியாக வேண்டும் என்ற நெருக்கடி உங்களுக்கு இல்லை. அதையும் கணக்கில் எடுங்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அதற்குப் பிறகும் பாதுகாப்பு அப்டேட் மட்டும் பெற இஎஸ்யு திட்டம் இருக்கிறது; வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை. 22எச்2 இருக்க வேண்டும் என்பது நிபந்தனை, உங்களிடம் இருக்கிறது. டிபிஎம், செக்யூர் பூட் எதுவும் கேட்காது. செட்டிங்ஸில் அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் என்ரோல் என்ற இணைப்பு வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் செய்தால் இலவசம். இல்லையென்றால் 1000 ரிவார்ட்ஸ் புள்ளிகள், அல்லது ஒரே தடவை 30 டாலர். லோக்கல் கணக்கில் இருப்பவரும் பதிவு செய்ய மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைய வேண்டும்.

நெட் பேங்கிங் நடக்கிற கணினியை இஎஸ்யு-வும் இல்லாமல் விண்டோஸ் 10-ல் விட்டுவைப்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டருக்கும் எட்ஜ் பிரவுசருக்கும் 2028 அக்டோபர் வரை அப்டேட் வரும் என்பது உண்மைதான். ஆனால் விண்டோஸின் உள்ளே இருக்கும் ஓட்டையை அவை இரண்டும் அடைக்காது.

லினக்ஸ் இந்த வீட்டுக்குச் சரிப்படாது. படிப்பு, பேங்கிங் மட்டும் என்றால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட் 22 தாராளமாகப் போடலாம், 2029 வரை ஆதரவு உண்டு. பேஜ்மேக்கர் வேலை இருக்கும்போது அதை ஒயினில் (விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் கருவி) ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது வேலையைக் கெடுக்கும்.

ஆகவே என் கருத்து: இன்றே இஎஸ்யு-வில் சேருங்கள். வேலை இல்லாத ஒரு வாரம் பார்த்து 11-க்குப் போங்கள். ஆனால் 4 ஜிபி ரேமோடும் அந்த ஹார்டு டிஸ்க்கோடும் போகாதீர்கள். விண்டோஸ் போட ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான எஸ்எஸ்டி ஒன்று வாங்குங்கள். குறைந்தபட்சத் தேவை 4 ஜிபி என்று எழுதியிருப்பது போட முடியும் என்பதற்குத்தான், உட்கார்ந்து வேலை செய்ய முடியும் என்பதற்கு அல்ல. 8 ஜிபி டிடிஆர்4 ஒன்று வாங்கி இரண்டாவது ஸ்லாட்டில் போடுங்கள், 4-உம் 8-உம் சேர்ந்து ஓடும். இந்த ப்ராசஸர் 2400 வேகம் வரைதான் ஏற்கும். கடையில் 2666 கொடுத்தாலும் 2400-ல் இறங்கி ஓடும், கூடுதல் காசு கொடுத்து 3200 வாங்க வேண்டியதில்லை.

எழுத்துக்கூடம்:

தட்டச்சு வேலை பற்றி யாரும் சொல்லவில்லையே என்று வந்தேன்.

பாமினி யூனிகோடு அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த எழுத்துரு. புது விண்டோஸில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் அழைப்பிதழைத் திறந்ததும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். கோப்பு கெட்டுவிடவில்லை, எழுத்துருவைப் போட்டதும் சரியாகிவிடும். எனவே மாற்றும் முன் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸிலிருந்து நீங்கள் பயன்படுத்தும் எழுத்துருக்கள் அத்தனையையும் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பாமினி என்ற பெயரில் பல வடிவங்கள் உலவுகின்றன. இணையத்தில் வேறொன்றை இறக்கிப் போட்டால் சொல் இடைவெளி மாறி, வரி உடைந்து, பக்க அமைப்பே கலையும். உங்கள் கணினியில் இருக்கிற அதே கோப்புதான் வேண்டும்.

11-ல் எழுத்துருவைப் போடும்போது வெறுமனே இன்ஸ்டால் கொடுக்காதீர்கள். அது அந்தப் பயனருக்கு மட்டும் தனி ஃபோல்டரில் போய் உட்காரும். பேஜ்மேக்கர் போன்ற பழைய மென்பொருளின் எழுத்துருப் பட்டியலில் வராமல் போகலாம். ரைட் கிளிக் செய்து, எல்லாப் பயனருக்கும் இன்ஸ்டால் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

உங்கள் விண்டோஸ் 10 ஏற்கெனவே 64 பிட் என்பதால், அதில் ஓடும் 32 பிட் மென்பொருள் 11-லும் பெரும்பாலும் ஓடும். சிக்கல் பழைய பிரின்டர், ஸ்கேனரில்தான் வரும். கோர் ஐசொலேஷனில் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதி ஆன் ஆகியிருந்தால் பழைய டிரைவரை (கருவியை இயக்கும் மென்பொருள்) ஏற்காது. இப்போதே விண்டோஸ் செக்யூரிட்டியில் அந்தப் பக்கத்தைத் திறந்து ஆன் செய்து பாருங்கள். ஒத்துவராத டிரைவர் இருந்தால் பெயரோடு பட்டியல் காட்டும். எந்தக் கருவி மாட்டும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

யூனிகோடில் தட்டச்சு செய்ய தமிழ்99, அஞ்சல் இரண்டும் 11-லேயே இருக்கின்றன. மொழிகளில் தமிழைச் சேர்த்து கீபோர்டைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

மாலைநிலா:

மூவருக்கும் நன்றி. பிடிடி எனேபிள் செய்துவிட்டேன், டிபிஎம் பச்சையாகிவிட்டது. பயாஸ் மோட் லெகஸிதான். வேலிடேட் ஓட்டினால் டிஸ்க் 0-க்கு லேஅவுட் வேலிடேஷன் தோல்வி என்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி நீலப் பட்டையில் இருக்கிறது. டி, இ இரண்டையும் சுற்றிப் பச்சைக் கட்டம் தெரிகிறது.

பலகை:

அந்தப் பச்சைக் கட்டம்தான் காரணம். அது எக்ஸ்டென்டட் பார்ட்டிஷன். டி, இ அதற்குள் இருக்கும் லாஜிக்கல் டிரைவ்கள். எம்பிஆர்2ஜிபிடி ப்ரைமரி பார்ட்டிஷன்களை மட்டுமே ஏற்கும், அதுவும் மூன்று வரைதான். டி, இ-யில் உள்ளதை வெளியே எடுத்து, இரண்டையும் அழித்துவிட்டுத்தான் மாற்ற முடியும்.

அதைச் செய்யாதீர்கள். ராம்பிட் சொன்னபடி எப்படியும் எஸ்எஸ்டி வாங்கப் போகிறீர்கள். 256 ஜிபி அல்லது 512 ஜிபி, 2.5 அங்குல சாட்டா (கேபிளில் இணைவது) போதும், எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டியைப் போர்டிலேயே செருகும் இடம்) எல்லா எச்310 போர்டிலும் இருக்காது. விண்டோஸ் 11-ஐ எஸ்எஸ்டியில் புதிதாகப் போடுங்கள். பழைய டிஸ்க் எம்பிஆர்-ஆகவே இருந்துவிட்டுப் போகட்டும், பூட் ஆகும் டிஸ்க் மட்டும் ஜிபிடி-யாக இருந்தால் போதும். உங்கள் வேலை நிற்கக்கூடாது என்ற கவலைக்கும் இதுவே நல்ல வழி: 11-ல் ஏதாவது ஒத்துவராவிட்டால் சிஎஸ்எம்-ஐ ஆன் செய்து பழைய டிஸ்க்கிலிருந்து பூட் செய்தால், அதே விண்டோஸ் 10 அதே பேஜ்மேக்கரோடு நிற்கும்.

மைக்ரோசாஃப்ட் தளத்தின் மீடியா கிரியேஷன் டூலால் 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் 11-ஐ ஏற்றுங்கள். போர்டின் லேன் (கேபிள் வழி இணையம்) டிரைவரையும் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஹோம் பதிப்பு இன்ஸ்டால் ஆகும்போது இணையம் கேட்கும். டிரைவர் இல்லாமல் அங்கேயே நிற்பவர்கள் அதிகம். மொபைலை யுஎஸ்பி டெதரிங்கில் இணைத்தும் சமாளிக்கலாம்.

கணினியை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு எஸ்எஸ்டியை மாட்டுங்கள். அந்த நேரத்தில் பழைய ஹார்டு டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றிவிடுங்கள். எந்த டிஸ்க்கை அழிக்கிறோம் என்ற குழப்பத்துக்கே இடமிருக்காது. பிறகு பயாஸில் சிஎஸ்எம்-ஐ அணைத்து, செக்யூர் பூட்டை ஆன் செய்து, டிஃபால்ட் கீகளை ஏற்றிச் சேமியுங்கள். பூட் மெனுவில் பென் டிரைவ் இரண்டு தடவை தெரிந்தால் யுஇஎஃப்ஐ என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ப்ராடக்ட் கீ கேட்டால் இல்லை என்று சொல்லி ஹோம் பதிப்பையே எடுங்கள். உங்கள் லைசென்ஸ் டிஜிட்டலாக இந்தப் போர்டோடு பதிவாகியிருந்தால், இணையம் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். ப்ரோ எடுத்தால் ஆகாது.

மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாகப் போட்டால் விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பிலிருந்து டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டிவைக்கும் வசதி) தானாகவே ஆன் ஆகிவிடலாம். கணக்கில் போய் 48 இலக்க ரிகவரி கீயைப் பார்த்து, தாளில் எழுதி வையுங்கள். பின்னாளில் பயாஸ் அப்டேட் செய்தாலோ பிடிடி-யை அணைத்தாலோ அந்த எண்ணைக் கேட்கும். இல்லையென்றால் டிஸ்க்கில் இருப்பது போனதுதான், யாராலும் எடுத்துத் தர முடியாது.

எல்லாம் முடிந்த பிறகு ஹார்டு டிஸ்க் கேபிளைத் திரும்பச் செருகுங்கள். பழைய யூசர்ஸ் ஃபோல்டரைத் திறக்கும்போது அனுமதி இல்லை என்று வந்தால் கன்டின்யூ கொடுத்தால் போதும்.

எழுத்துக்கூடம்:

கேபிளைச் செருகியதும் ஒன்று பாருங்கள். புது விண்டோஸ் டிரைவ் எழுத்துகளைத் தன் வரிசையில் கொடுத்துவிடும். பழைய சி இப்போது டி ஆகி, பழைய டி இ ஆகிப் போகலாம். பேஜ்மேக்கர் கோப்பில் லிங்க் செய்த படங்கள் முழுப் பாதையோடு பதிவாகியிருக்கும், எழுத்து மாறினால் ஒவ்வொரு அழைப்பிதழிலும் படம் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கும். எதையும் திறக்கும் முன் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பழைய சி-க்கு எக்ஸ் என்று கொடுத்துவிட்டு, டி, இ இரண்டையும் பழைய எழுத்துக்கே மாற்றிவிடுங்கள்.