எஸ்ஜே 413க்கு லோ கியர் மாற்ற வேணும்: 4.16ஆ, 4.89ஆ?

வணக்கம் அண்ணாமார். என்னிட்ட இருக்கிறது 1990 சுசுகி எஸ்ஜே 413 ஜீப், 1.3 பெற்றோல். போன மாரிக்கு முன்னம் 30 அங்குல டயர் போட்டன். அதுக்குப் பிறகுதான் கரைச்சல்.

திரியாய்ப் பக்கம் எங்கட காணிக்குப் போற பாதையில பாறை ஏத்தம் ஒண்டு இருக்கு. லோவில (ஏத்தத்துக்கு மெல்லமா, பலமா இழுக்கிற கியர் நிலை) முதல் கியர் போட்டாலும் வண்டி ஓடுது, ஊருதில்லை. கால எடுத்தா எஞ்சின் நிக்குது. கிளச்சைப் பாதி மிதிச்சுப் பிடிச்சா, உச்சிக்கு வரேக்க கபினுக்குள்ள கருகின மணம். எட்டு மாதத்தில ரெண்டு கிளச் பிளேட் போட்டாச்சு.

ஐடிலைக் கூட்டிப் பார்த்தன், இறக்கத்தில வண்டி தள்ளுது. டயர்க் காற்றைக் குறைச்சது நிலாவெளி மணலுக்கு நல்லா உதவினது, பாறைக்கு ஒண்டுமில்லை. கராஜ் பாஸ் எஸ்ஜே 410 ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (ஹை, லோ மாத்திற கியர்ப் பெட்டி) போடச் சொன்னார். அதின்ர லோ கியர் விகிதம் 2.511, என்ர 2.268. அந்த வித்தியாசத்தைப் புது டயரே விழுங்கிப்போடும்.

டிஃப் (அச்சில இருக்கிற கியர்) 3.73, மாத்தேல்லை. என்ர ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குள்ள லோ 4.16 கியர் செட் போட்டா லோவில முதல் கியர் மொத்த விகிதம் 31இல இருந்து 56க்கு மேல போகும். ஹையும் கொஞ்சம் இறங்கும், பெரிய டயருக்கு அது நல்லதுதான். ஆனா வாரத்தில மூண்டு தரம் இதே வண்டியிலதான் அம்மாவைத் திருகோணமலை டவுனுக்குக் கூட்டிப்போறன்.

டவுன் ஓட்டமும் வேணும், இந்த ஏத்தமும் ஏற வேணும் எண்டா, 30 அங்குல டயருக்கு 4.16 காணுமா, 4.89க்குப் போகவேணுமா? போட்டு ஓடினவை சொல்லுங்கோ.