இரவல் மேசையில் ‘50 பக்க விதி’ ஒட்டச் சொல்பவர்களுக்கு

கொழுந்துக்கூடை:
போன வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: “வாசகரிடம் ஒன்றும் கேட்கத் தேவையில்லை. 50 பக்கம் வாசி, பிடிக்காவிட்டால் மூடிவிடு என்று எழுதி இரவல் மேசையில் ஒட்டினால் போதும், தங்களுக்கான புத்தகத்தைத் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.” அது அமெரிக்காவின் சியாட்டில் நூலகர் நான்சி பேர்ல் சொன்ன விதி. அங்கே 400 பக்க நாவல் சாதாரணம். நம் மலையக நூலக இறாக்கையில் 120 பக்க நாவல்கள் எத்தனை நிற்கின்றன? அதில் 50 பக்கம் என்றால் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல். சிறுகதைத் தொகுப்பு என்றால் ஐந்தாறு கதை முடிந்திருக்கும். அதற்குப் பிறகு எதை மூடுவது?

கேட்கத்தான் வேண்டும். “என்ன புத்தகம் வேணும்?” என்று கேட்டால் “தெரியாது” என்றுதான் பதில் வரும். கடைசியாக விரும்பி வாசித்தது எது, அதில் எது பிடித்தது என்று கேளுங்கள். “விறுவிறுன்னு போச்சு” என்றால் அவருக்குக் கதையோட்டம் முக்கியம். “அந்த அம்மா மாதிரி ஒருத்தி” என்றால் பாத்திரம். “ஊரே கண்ணுக்கு முன்னால நின்னுச்சு” என்றால் களம். கதைப் புத்தகமே தொடாதவரிடம் எந்த டிவி நாடகம் பார்க்கிறார் என்று கேட்டாலும் அதே விபரம் கிடைக்கும். பிறகு மூன்றைக் கையில் கொடுங்கள்: கேட்டதற்கு நெருக்கமாக ஒன்று, சற்று விலகி ஒன்று, மெல்லியதாக ஒன்று. எட்டுப் பத்தை அடுக்கினால் ஒன்றையும் எடுக்காமல் போய்விடுவார்.

பதுளைவாசி:
எழுதியது நான்தான். “ஒருவர்” என்று மறைத்துத் திட்ட வேண்டாம். விதியில் பாதியை விழுங்கிவிட்டீர்கள். வயது 50ஐத் தாண்டியவர் 100இலிருந்து தன் வயதைக் கழிக்க வேண்டும். 70 வயதுக்காரருக்கு 30 பக்கம் போதும். சனிக்கிழமை டியூசன் விட்டு பிள்ளைகள் மொத்தமாக உள்ளே வரும்போது, திகதி குத்தும் ஒரே ஆள் ஒவ்வொருவரிடமும் “எது பிடித்தது, ஏன் பிடித்தது” என்று விசாரிக்க முடியுமா? இதை எழுதுபவர் இரவல் மேசைக்கு எந்தப் பக்கம் நிற்பவர்?

கொழுந்துக்கூடை:
70க்கு 30. சரி, 120இல் 30 கால்வாசி. அந்த 30 எங்கிருந்து தொடங்குகிறது? வாழ்த்துரை, அணிந்துரை, பதிப்புரை, என்னுரை எல்லாம் தாண்டினால் 24ஆம் பக்கத்தில்தான் கதை ஆரம்பிக்கிற புத்தகங்கள் நம்மிடம் உண்டு. உங்கள் 70 வயதுக்காரர் ஏழு பக்கக் கதையை வாசித்துவிட்டு மூடுவாரா?

பதுளைவாசி:
அணிந்துரையை யாராவது சேர்த்து எண்ணுவார்களா?

கொழுந்துக்கூடை:
எண்ண வேண்டாம் என்று உங்கள் அறிவித்தலில் இருக்கிறதா?

லயத்துவிளக்கு:
பக்கத்தை விடுங்க, பஸ்ஸைப் பாருங்க. தோட்டத்திலிருந்து டவுனுக்கு வர்றவங்க பஸ் காசு கொடுத்து ரெண்டு புத்தகம் எடுத்துட்டுப் போறாங்க. ரெண்டும் பிடிக்கலன்னா அடுத்த தடவை வர்ற வரைக்கும் வாசிக்க ஒண்ணும் இல்ல. மூடிட்டு வேற எடுன்னு சொல்றது நூலகத்துக்குப் பக்கத்துல குடியிருக்கிறவங்களுக்குத்தான் சரி. மேசையிலேயே நடுப்பக்கத்தைத் திறந்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்க. எழுத்துப் பொடிசா இருக்கா, வட்டார வழக்கு புரியுதா, அங்கேயே தெரிஞ்சிரும்.

இன்னொண்ணு. தோட்டத்துப் பிள்ளைன்னு தெரிஞ்ச உடனே லயத்துக் கதையை நீட்டுறதை நிறுத்துங்க. அது துப்பறியும் கதை கேட்டு வந்திருக்கும்.

ஹட்டன்மழை:
மலையக எழுத்தை மலையக நூலகம் நீட்டாமல் யார் நீட்டுவது? கொழும்புக்காரரா? கொடுப்பது இருக்கட்டும், முதலில் இறாக்கையில் தேடி எடுங்கள் பார்ப்போம். எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பின் நூல்கள் ஓரிடத்தில் ‘தெ’ வரிசையில், இன்னோர் இடத்தில் ‘ஜோ’ வரிசையில். 894.8113 என்ற டூயி நூல் வகைப்பாட்டு எண்ணை ஒட்டினால் தமிழ் நாவல், சிறுகதை எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் வந்துவிடும். மிச்சத்தைப் பெயர் வரிசைதான் பிரிக்க வேண்டும்.

பதுளைவாசி:
தெளிவத்தை ஊர்ப்பெயர். ‘ஜோ’தான் சரி.

ஹட்டன்மழை:
‘ஜோ’ போட்டால் கிரந்த எழுத்து, வரிசையின் கடைசி, அடித்தட்டு. நுவரெலியா ஈரத்தில் அடித்தட்டுக்குத்தான் முதலில் பூஞ்சணம் பிடிக்கும். அவரைக் கேட்டு வருபவர் “தெளிவத்தை இருக்கா?” என்றுதான் கேட்கிறார். மாத்தளை சோமுவையும் ‘சோ’வில் ஒளித்து வையுங்கள்.

பதுளைவாசி:
பட்டியலாக்கம் படித்தவர்கள் பேச வேண்டிய விஷயம் இது.

கொழுந்துக்கூடை:
படித்தவர் என்றால் ரங்கநாதனும் தெரிந்திருக்குமே. நூலகவியல் அறிஞர், சீர்காழிக்காரர், 1931இல் நூலகங்களுக்கு ஐந்து விதி எழுதினார். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது. அவரை விட்டுவிட்டு ஏன் சியாட்டிலுக்கு ஓடுகிறீர்கள்?

பதுளைவாசி:
வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது. அதைத்தான் 50 பக்கம் செய்கிறது.

கொழுந்துக்கூடை:
120இல் 50 வாசித்த பிறகு மிச்சப்பட என்ன இருக்கிறது? நேரம் மிச்சமாக வேண்டுமானால் திரும்பி வருகிற புத்தகங்களை உடனே இறாக்கையில் செருகாதீர்கள். மேசைக்குப் பக்கத்தில் ஒரு தட்டில், முன்னட்டை தெரிய, ‘இன்று திரும்பியவை’ என்று எழுதி வையுங்கள். இன்னொருவர் வாசித்துவிட்டு வைத்தது என்றால் கை தானாகப் போகும். வரிசையில் நிற்கும் பிள்ளைகளே அதிலிருந்து எடுப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் கடதாசி வையுங்கள்: பிடித்ததா, எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள், ஏன்? பெயர் கேட்க வேண்டாம், பெயர் கேட்டால் எல்லோரும் “நல்ல புத்தகம்” என்றுதான் எழுதுவார்கள். ஒரே புத்தகத்தில் நான்கு பேர் 15ஆம் பக்கத்தில் நிறுத்தியிருந்தால், அடுத்தவரிடம் கொடுக்கும்போது ஆரம்பம் மெதுவாகப் போகும் என்று சொல்லிக் கொடுங்கள். கண்ணாடி அலுமாரிகளின் பூட்டையும் திறந்து வையுங்கள். பூட்டிக் கிடப்பதைச் சாவி கேட்டு வாங்கி யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

பதுளைவாசி:
பூட்டைத் திறந்தால் தொலைகிற புத்தகத்துக்குக் கணக்காய்வில் பதில் சொல்வது நீங்களா?

லயத்துவிளக்கு:
தொலைஞ்சா யாரோ வாசிக்கிறாங்கன்னு அர்த்தம்.

பதுளைவாசி:
இதையெல்லாம் பிரதேச சபையில் போய்ச் சொல்லுங்கள். அறிவித்தலை நான் ஒட்டத்தான் போகிறேன். கீழே “அணிந்துரை நீங்கலாக” என்று சேர்த்துக்கொள்கிறேன்.

கொழுந்துக்கூடை:
என்னுரை?

ஹட்டன்மழை:
‘தெ’யா ‘ஜோ’வா என்பதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.